தவளைக்கு விடுதலை! மாணவருக்கு என்ன கிடைத்தது?

கத்தரிக்கோல் ஓய்ந்துவிட்டது. மெழுகுத் தட்டு மூலைக்குப் போய்விட்டது. குளோரோபாரம் வாடையும் அடங்கிவிட்டது.

கல்லூரிகளில் தவளையை அறுத்துப் படிக்கும் வழக்கம் நின்று ஆண்டுகள் பல ஆகின்றன.

பெண் விலங்கியல் படிக்கிறாள் என்றால், "தவளை அறுப்பாயா?" என்று கேட்பது ஊர் வழக்கம். இப்போது அப்படிக் கேட்டால், அவள் சிரிப்பாள்.

அப்படியானால், அவள் என்னதான் படிக்கிறாள்? மூன்றாவது ஆண்டில் அவளுக்கு என்ன பாடம்? அதனால் அவளுக்கு என்ன லாபம்? நாட்டுக்கு என்ன லாபம்?

பணம் கட்டும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவளை என்ன பாவம் செய்தது?

பிராணிகள் எத்தனையோ இருக்க, தவளையைத் தேடிப் பிடித்தது ஏன்?

காரணம் உண்டு. தவளை சுலபமாகக் கிடைத்தது. கையடக்கமாக இருந்தது. அதன் உடம்பிலும் இதயம், நுரையீரல், கல்லீரல், குடல், சிறுநீரகம் எல்லாம் இருக்கின்றன. மனித உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அது ஒரு சின்னப் பாடப் புத்தகம்.

மீனின் இதயத்தில் இரண்டு அறைகள். தவளையின் இதயத்தில் மூன்று. மனிதனின் இதயத்தில் நான்கு. உயிர்கள் எப்படிப் படிப்படியாக மாறி வந்தன என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

மாணவர் தட்டில் மெழுகு ஊற்றி வைப்பார். மயங்கிய தவளையை மல்லாக்கக் கிடத்துவார். கால்களில் குண்டூசி குத்துவார். தோலைக் கத்தரிப்பார். உள்ளே இருப்பதைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார். ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்.

தவளை மட்டுமா? கரப்பான் பூச்சி, மண்புழு, எலி, சுறாக்குட்டி என்று வரிசை நீளும்.

சட்டம் வந்தது

தவளை ஊருக்கு நல்லது செய்யும் பிராணி. வயலில் பூச்சிகளைத் தின்னும். கொசுவையும் தின்னும். மருந்து அடிக்காமல், கூலி கேட்காமல் பயிரைக் காக்கும்.

அந்தத் தவளைக்கு இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தது. ஒரு பக்கம் கல்லூரி. மறுபக்கம் வெளிநாட்டுச் சாப்பாட்டு மேஜை. நம் நாட்டுத் தவளைக் கால்கள் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறின. வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் இந்திய அரசாங்கம் தவளைக் கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

அதன் பிறகும் கல்லூரி மேஜையில் தவளை கிடந்தது.

2011-ல் பல்கலைக் கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. பிராணிகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பட்டப் படிப்பில் மாணவர்கள் அறுக்கக் கூடாது. ஆசிரியர் மட்டும் ஒரு பிராணியை அறுத்துக் காட்டலாம். இதுதான் அந்த உத்தரவு.

2014-ல் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். பட்டப் படிப்பானாலும் சரி, மேல் பட்டப் படிப்பானாலும் சரி, பாடத்துக்காகப் பிராணியை அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படம், மாதிரி உருவம், கம்ப்யூட்டர் ஆகியவற்றைக் கொண்டு பாடம் நடத்தும்படி கூறினார்கள்.

மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி வேறு விஷயம். அதற்குத் தனி விதிகளும் கண்காணிப்புக் குழுவும் உண்டு.

இரண்டு கட்சி

இந்தத் தடை சரியா, தவறா?

"தவறு" என்பார்கள் சில ஆசிரியர்கள். கையால் தொட்டுப் பார்த்தால்தான் பாடம் மனத்தில் நிற்கும். நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியுமா என்று அவர்கள் கேட்பார்கள்.

"சரிதான்" என்பது மறுபக்கத்தின் வாதம். ஒரே உண்மையைத் தெரிந்துகொள்ள, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொல்வானேன்? தவளையின் இதயத்தில் மூன்று அறை என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. அதை மறுபடியும் மறுபடியும் அறுத்துப் பார்ப்பதில் புதிதாக என்ன இருக்கிறது? இப்படி அவர்கள் சொல்வார்கள்.

இரண்டு வாதத்திலும் பாதி நியாயம் இருக்கிறது.

தவளையைக் காப்பாற்றியது சரி. ஆனால், மாணவரின் கையில் இருந்த வேலையைப் பிடுங்கிவிட்டால், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையை வெறுமே பார்த்துக்கொண்டிருப்பது கைவேலை ஆகாது.

அப்படி வேறு வேலை கொடுத்தார்களா? கேள்வி இதுதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், மூன்றாவது ஆண்டுப் பாடத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆண்டில் என்ன?

முதல் ஆண்டில் பிராணிகளின் பெயர், இனம், உடம்பு அமைப்பு. இது பழைய பாடம்தான். போகப் போக, பாடம் உடம்பின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

செல் என்பது உடம்பின் செங்கல். அந்தச் செங்கல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று படிக்கிறார்கள்.

மரபியல் என்று ஒரு பாடம். அப்பாவின் மூக்கு மகளுக்கு வருவது எப்படி என்பதை அது சொல்கிறது.

நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி ஒரு பாடம். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பது அதில் தெரியும்.

கிருமிகளைப் பற்றி ஒரு பாடம். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்க்கிறார்கள். மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன் மீது வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால், சில வில்லைகளைச் சுற்றி வெற்றிடம் தெரியும். அங்கே கிருமி செத்துவிட்டது. சில வில்லைகளைச் சுற்றி ஒன்றும் நடந்திருக்காது. அந்த மருந்துக்குக் கிருமி பயப்படவில்லை!

இதைக் கண்ணால் பார்த்த மாணவி, டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் பாதியில் நிறுத்தும் அண்ணனைச் சும்மா விடுவாளா?

சுற்றுச் சூழல் பாடம் உண்டு. புள்ளி விவரக் கணக்கு உண்டு. கம்ப்யூட்டரில் உயிரின் எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பாடமும் உண்டு.

கரு எப்படி வளர்கிறது என்பதற்கும் தனிப் பாடம் இருக்கிறது. அங்கே பழைய நண்பர் தவளை திரும்ப வருகிறார்!

கடைசி மாணவர் வாங்கிய பரிசு

இங்கிலாந்தில் ஜான் கர்டன் என்று ஒரு பையன் இருந்தார். ஈட்டன் என்ற பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தார். உயிரியலில் 250 மாணவர்களில் அவர்தான் கடைசி. "இவன் விஞ்ஞானி ஆக நினைப்பது வீண்" என்ற பொருளில் ஆசிரியர் 1949-ல் அறிக்கை எழுதினார்.

கர்டன் மனம் தளரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் விலங்கியல் படித்தார். தவளையைக் கையில் எடுத்தார்.

தவளை முட்டையின் கருவை அழித்தார். தலைப்பிரட்டையின் குடலில் இருந்து ஒரு செல்லை எடுத்தார். அந்தச் செல்லின் கருவை முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகளில் இருந்து உயிருள்ள தலைப்பிரட்டைகள் வந்தன!

குடலில் இருந்த செல்லுக்குள் முழுத் தவளையை உண்டாக்கும் விவரமும் ஒளிந்திருக்கிறது என்பது இதனால் தெரிந்தது. 1962-ல் அவர் இதை வெளியிட்டார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது ஆண்டு மாணவி இன்று இதைப் படிக்கிறாள். தவளை தட்டில் இல்லை, பாடத்தில் இருக்கிறது.

பால் புட்டியில் ஈ

மரபியல் பாடத்தின் கதாநாயகன், வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ!

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியர் இருந்தார். பால் புட்டிகளில் ஈக்களை வளர்த்தார். இந்த ஈ சுமார் 10 நாளில் முட்டையில் இருந்து வளர்ந்து முழு ஈ ஆகிவிடும். பேரன், கொள்ளுப் பேரன் எல்லாரையும் சில வாரங்களில் பார்த்துவிடலாம்.

சாதாரணமாக இந்த ஈயின் கண் சிவப்பு. 1910-ல் வெள்ளைக் கண் ஈ ஒன்று அகப்பட்டது. அதை வைத்து, பரம்பரைக் குணங்கள் குரோமோசோம் என்ற நூலில் இருக்கின்றன என்று மார்கன் காட்டினார். 1933-ல் நோபல் பரிசு பெற்றார்.

அவரிடம் ஆல்பிரட் ஸ்டர்ட்டவன்ட் என்ற மாணவர் இருந்தார். பட்டம்கூட வாங்காத கல்லூரிப் பையன். 1911-ல் ஓர் இரவு, வீட்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈக்களின் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குள், குரோமோசோமில் எந்தக் குணம் எங்கே இருக்கிறது என்று கோடு போட்டு வரைந்துவிட்டார். உலகத்தின் முதல் மரபணு வரைபடம் அதுதான்!

வெந்நீரில் ஒரு கிருமி

இன்னொரு மாணவரின் கதை இதைவிட வேடிக்கை.

அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. கை வைத்தால் வெந்துவிடும். அந்தத் தண்ணீரில் உயிர் வாழ முடியுமா என்று தாமஸ் பிராக் என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். 1966-ல் அவருடன் வேலை செய்தவர் ஹட்சன் பிரீஸ். இந்தியானா பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்பு மாணவர்.

ஊற்றில் இருந்து கொண்டுவந்த மாதிரியில், சுமார் 70 டிகிரி வெப்பத்தில் ஆனந்தமாக வளரும் கிருமி ஒன்றை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1969-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

"இதனால் என்ன பயன்?" என்று அப்போது கேட்டிருந்தால், யாராலும் பதில் சொல்ல முடியாது.

1983-ல் கேரி மல்லிஸ் என்ற விஞ்ஞானி ஒரு வித்தை கண்டுபிடித்தார். டி.என்.ஏ. என்பது உயிரின் விவரம் எழுதிய நூல். அதைப் படி எடுக்கும் வித்தை அது. ஒரு நூலைச் சூடாக்கினால், இரண்டு இழையாகப் பிரியும். ஒவ்வோர் இழைக்கும் ஜோடி இழையைப் புதிதாகக் கட்டினால், ஒன்று இரண்டாகும். மறுபடியும் செய்தால் நான்கு. பிறகு எட்டு. இப்படி 30 சுற்று ஓடினால், ஒரே ஒரு நூல் 107 கோடிக்கு மேல் பெருகிவிடும்! இதற்குத்தான் பி.சி.ஆர். என்று பெயர்.

ஆனால் ஒரு சங்கடம். இழையைக் கட்டும் நொதி, சூட்டில் கெட்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஊற்ற வேண்டும்.

வெந்நீரில் வாழும் கிருமியின் நொதி மட்டும் சூட்டில் கெடாது! மாணவர் வளர்த்த கிருமி கை கொடுத்தது. வேலை தடையில்லாமல் ஓடியது. 1993-ல் மல்லிஸ் நோபல் பரிசு பெற்றார்.

2020-ல் கொரோனா வந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை இதே வித்தைதான். கொரோனா கிருமியிடம் டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. இருக்கிறது. முதலில் அதை டி.என்.ஏ. ஆக மாற்றி, பிறகு பெருக்கிப் பார்த்தார்கள்.

எங்கோ ஒரு வெந்நீர் ஊற்றில் ஒரு மாணவர் செய்த வேலை, 54 ஆண்டுகள் கழித்து நம் ஊர் ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டது!

இன்று மேல் வகுப்பு மாணவர்கள் இந்தப் பி.சி.ஆர். வித்தையைப் பாடமாகப் படிக்கிறார்கள். கருவி உள்ள கல்லூரிகளில் செய்தும் பார்க்கிறார்கள்.

டாக்டர் ஆக முடியாதவர்கள் படிப்பா?

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "டாக்டர் சீட் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பி. எஸ்சி. சேர்த்தோம்."

இதைக் கேட்டு வளரும் பெண், தோற்றுப் போனவளைப் போல வகுப்பில் உட்காருகிறாள். இது பெரிய அநியாயம்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டரின் மகன். அவரும் டாக்டர் ஆக வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவர் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் வாங்கினார். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. மக்கள் பசியால் மடிந்த செய்தி அவர் மனத்தை மாற்றியது. கோயமுத்தூருக்குப் போய் விவசாயம் படித்தார். பசுமைப் புரட்சிக்கு வழி காட்டினார். அவர்தான் எம். எஸ். சுவாமிநாதன். 2023-ல் காலமானார். 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கினார்கள்.

சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் ஜானகி அம்மாள். தாவரவியல் அவருடைய பாடம். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவர் அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் வாங்கினார். கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945-ல், பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்து டார்லிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானியுடன் சேர்ந்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் கதை இன்னும் விசேஷம். பௌதிகத்தில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். பிறகு, "எனக்கு உயிரியல்தான் வேண்டும்" என்று அமெரிக்காவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாராகும் சின்னஞ்சிறு தொழிற்சாலை எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்தார். 2009-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

டாக்டர் பட்டம் வாங்கியவரே திரும்ப வந்து உட்கார்ந்த வகுப்பு அது. அதைப் போய், தோற்றவர்கள் படிப்பு என்று சொல்லலாமா?

குறை எங்கே?

படிப்பு நல்ல படிப்புதான். அதைச் சொல்லிக் கொடுக்கும் முறையில்தான் கோளாறு.

ஸ்டர்ட்டவன்ட் ஈக்களைத் தாமே எண்ணினார். பிரீஸ் கிருமியைத் தம் கையால் வளர்த்தார். கர்டன் முட்டையைத் தாமே தொட்டார். செய்து பார்த்ததால் கண்டுபிடித்தார்கள்.

நம் பிள்ளைகள் செய்து பார்க்கிறார்களா?

சில கல்லூரிகளில் நல்ல கருவிகள் இருக்கின்றன. மாணவர்கள் உற்சாகமாக வேலை செய்கிறார்கள். அந்தக் கல்லூரிகளை வாழ்த்த வேண்டும்.

வேறு சில கல்லூரிகளில் கருவி ஒன்று, மாணவர்கள் பலர். ஆசிரியர் செய்து காட்டுவார். பின்வரிசையில் நிற்பவர்கள் முன்வரிசையின் முதுகைப் பார்ப்பார்கள். போன ஆண்டு அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். மார்க் வந்துவிடும். பாடம் வராது.

தவளை இருந்த காலத்தில், ஏழைக் கல்லூரியில்கூட ஒவ்வொருவர் முன்பும் ஒரு தட்டு இருந்தது. இப்போது தட்டு போனது. கருவி வரவில்லை. இடையில் மாட்டிக்கொண்டவர் மாணவர்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பெண், கல்லூரியில் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரளுகிறாள். விஷயம் அவளுக்குப் புரியாதது அல்ல. பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. மேல் வகுப்புப் பாடங்களுக்கு நல்ல தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். தமிழில் விளங்கிக்கொண்டு, ஆங்கிலப் பெயரையும் தெரிந்துகொண்டால், அவளை யாராலும் தடுக்க முடியாது.

காசு இல்லாத சோதனைச் சாலை

"கருவிக்குப் பணம் இல்லையே!" என்று சொல்லலாம். பணம் இல்லாமலும் செய்யக் கூடியவை நிறைய இருக்கின்றன.

வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். அந்த வேர் நுனியைச் சாயத்தில் தோய்த்து, கண்ணாடி வில்லையில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல் இரண்டாகப் பிரிவது தெரியும். வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16. எண்ணிப் பார்க்கலாம்!

வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கலந்து வடிகட்டி, மேலே குளிர்ந்த சாராயச் சத்தை மெதுவாக ஊற்றினால், வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்து வரும். அதுதான் டி.என்.ஏ.

கல்லூரித் தோட்டத்தில் எத்தனை நத்தைகள் இருக்கின்றன? எல்லாவற்றையும் பிடித்து எண்ண வேண்டாம். 50 நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் ஒரு சாயப் பொட்டு வைத்து விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் 50 நத்தைகளைப் பிடிக்க வேண்டும். அவற்றில் 10 நத்தைக்குப் பொட்டு இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு பொட்டு நத்தை என்று அர்த்தம். ஆகவே, மொத்தம் சுமார் 250. கடலில் மீனையும் காட்டில் பிராணிகளையும் கணக்கிட இதே முறை உதவுகிறது. ஓர் உயிரும் சாகவில்லை!

தவளையைக்கூட இப்போது வேறு விதமாகப் படிக்கலாம். மழைக்கால இரவில் குளத்தங்கரையில் காது கொடுத்தால் போதும். ஒவ்வோர் இனத் தவளைக்கும் ஒவ்வொரு குரல். எந்தக் குரல் எப்போது கேட்டது என்று ஆண்டுதோறும் குறித்து வைத்தால், குளம் நலமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இது விளையாட்டு வேலை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் ஊதா நிறத் தவளை ஒன்றுக்கு, 2003-ல்தான் விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். அதன் நெருங்கிய உறவினர் இருப்பது கடலுக்கு அப்பால், சீஷெல்ஸ் தீவுகளில்! ஒரு காலத்தில் அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டி இருந்தன என்பதற்கு அது சாட்சி. 2014-ல் எஸ். டி. பிஜு என்ற விஞ்ஞானியின் குழு, காலை ஆட்டி ஆட்டி நடனமாடும் 14 புதுத் தவளை இனங்களை அதே மலையில் கண்டுபிடித்தது.

நம் வாசல் மலையிலேயே பெயர் இல்லாத தவளைகள் இருந்தன. அவற்றைக் கண்டது கத்தரிக்கோல் மட்டும் அல்ல. கூர்மையான கண்ணும் காதும்தான்.

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் மனத்தில் இருக்கும் கேள்வி இது. ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பி. எஸ்சி. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேலை தேடுவது கஷ்டம். அது வாசல்படி. உள்ளே போக இன்னும் ஓர் அடி வைக்க வேண்டும்.

பி. எட். படித்தால் ஆசிரியர் ஆகலாம். ஆஸ்பத்திரிச் சோதனைக் கூடத்தில் வேலை செய்ய, அதற்கென்று உள்ள பயிற்சி வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுத, விலங்கியல், தாவரவியல் பட்டங்கள் தகுதியானவை. அந்தத் தேர்வில் வென்றால் காட்டிலாகா அதிகாரி ஆகலாம்.

எம். எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசியத் தேர்வில் ஆராய்ச்சி உதவித் தொகைக்குத் தேறினால், படிக்கப் படிக்கவே பணம் வரும். 2023-ல் இந்தத் தொகையை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மகளின் ஆராய்ச்சிப் படிப்புக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இந்தத் தேர்வுகளில் பெரும்பாலும் உருப்போட்டவர் தேறுவதில்லை. விளங்கிக்கொண்டவர்தான் தேறுகிறார்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தைப் பார்க்கிறோம். பஸ் வசதியைப் பார்க்கிறோம். இவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எத்தனை மாணவருக்கு ஒரு மைக்ராஸ்கோப்?

வாரத்தில் எத்தனை மணி நேரம் சோதனைச் சாலை?

மாணவர் தம் கையால் செய்கிறாரா, தள்ளி நின்று பார்க்கிறாரா?

ஆண்டில் ஒரு முறையாவது கடற்கரைக்கோ, காட்டுக்கோ, வயலுக்கோ அழைத்துப் போகிறார்களா?

மூன்றாவது ஆண்டில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்யச் சொல்கிறார்களா?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் நல்ல பதில் வந்தால், தைரியமாகச் சேர்க்கலாம். பெற்றோர் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல முடியாத கல்லூரிகளும் திருந்தும்.

அரசாங்கமும் கவனிக்க வேண்டும். அறுக்காதே என்று உத்தரவு போடக் காகிதம் போதும். அதற்குப் பதிலாக மைக்ராஸ்கோப் வாங்கப் பணம் வேண்டும். முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதையும் செய்து முடிக்க வேண்டும்.

குளத்தில் தவளை சுகமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. அது நல்ல காரியம்தான். அந்தக் குளத்துக்கு மாணவியையும் அழைத்துப் போங்கள். அவள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள்.